கார்னெட்டுக்குத் தமிழ் என்ன?

பைக்கில் நாடு தாண்டுகிறவர்கள் எழுதும் தமிழில் ‘வாகனக் கடவுச்சீட்டு’ கண்ணில் படாத வாரமில்லை. வெளிநாட்டுக்கு வண்டி கொண்டுபோகிறவர்கள் எல்லைச் சுங்கத்தில் காட்டும் கார்னெட் என்ற ஏட்டைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். போன வாரம் ஒருவர் ‘வண்டிக்கும் பாஸ்போர்ட் எடுத்தாச்சு’ என்று பூரித்துவிட்டு, அதற்கு ஏன் இவ்வளவு வைப்புத்தொகை கேட்கிறார்கள் என்று அடுத்த வரியிலேயே புலம்பியிருந்தார். பாஸ்போர்ட் என்று நினைத்தால் அந்தக் கேள்வி வரத்தான் செய்யும்.

முழுப்பெயர் பிரெஞ்சு: கார்னே த பஸாஜ் ஆன் துவான். கார்னே என்றால் சிற்றேடு, பஸாஜ் கடப்பு, துவான் சுங்கம். ‘நந்நான்கு’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து கார்னே வந்தது. தாளை நான்காக மடித்த கணக்கு. துவான் இத்தாலி, அரபு வழியாகப் பாரசீகத் திவானில் போய் நிற்கிறது. புதுக்கோட்டைத் திவானும் அதே திவான்தான். கார்னெட்டின் கடைசி ‘ட்’ பிரெஞ்சில் ஒலிக்காது. நம் ஆட்கள் கார்னெட் என்றே சொல்கிறார்கள், சொல்லட்டும்.

சுங்கக்காரர் கண்ணில், வெளிநாட்டு வண்டி எல்லைக்குள் உருண்டாலே அது இறக்குமதி. வரி கட்ட வேண்டும். ‘திரும்ப ஓட்டிக்கொண்டு போய்விடுவேன்’ என்கிறோம். யார் நம்புவது? அங்கேதான் நம் நாட்டு வாகனச் சங்கம், நம்மிடம் வைப்புத்தொகை வாங்கிக்கொண்டு, நமக்காக வாக்குக் கொடுக்கிறது: வண்டி வெளியே போகாவிட்டால் வரிக்கு நாங்கள் பொறுப்பு. இந்தியாவில் மும்பையிலுள்ள மேற்கு இந்திய ஆட்டோமொபைல் சங்கம் இதை வழங்குகிறது. ஓராண்டு செல்லும். நாட்டுக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு மூன்று துண்டு. உள்ளே நுழையும்போது ஒன்றைக் கிழித்துக்கொள்வார்கள், வெளியேறும்போது இன்னொன்றை. இரண்டு முத்திரையும் விழுந்த அடித்துண்டு நம்மிடம் நிற்கும்.

அந்த அடித்துண்டில்தான் விஷயமே இருக்கிறது. எல்லை ஊரான தாஃப்தானில் பாகிஸ்தானை விட்டு ஈரானுக்குள் போகிற அவசரத்தில் வெளியேறும் முத்திரையை விட்டுவிட்டால், பாகிஸ்தான் கணக்கில் உங்கள் வண்டி இன்னும் அங்கேதான் இருக்கிறது. வரியைக் கேட்டு ஓலை சங்கத்துக்கு வரும், சங்கம் உங்கள் வைப்புத்தொகையில் கைவைக்கும். கடவுச்சீட்டு இப்படி யாருடைய கடனுக்காவது ஜாமீன் நிற்குமா? ‘இன்னார்’ என்று சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. வண்டி இன்னாருடையது என்று சொல்ல ஆர்.சி. புத்தகம் இருக்கிறது, கடவுச்சீட்டு என்ற பெயர் யாருக்காவது போய்த்தான் ஆக வேண்டுமென்றால் அதற்குப் போகட்டும்.

இன்னொன்று: கடவுச்சீட்டு என்றதும், இல்லாமல் எல்லையே தாண்ட முடியாது என்று படிக்கிறவர் நினைத்துக்கொள்கிறார். இந்தியப் பதிவு வண்டி நேபாளத்துக்குள் போகக் கார்னெட் வேண்டாம். சுனௌலி எல்லையில் பன்சார் என்கிற நேபாளச் சுங்கக் கட்டணத்தை நாள் கணக்கில் கட்டிவிட்டுப் போகலாம். தென் அமெரிக்காவின் பெரும்பாலான எல்லைகளில் தற்காலிக இறக்குமதி அனுமதி போதும். பாகிஸ்தான், ஈரான் போன்ற நாடுகள்தான் கார்னெட் கேட்கின்றன. நம் நாடும் வெளிநாட்டு வண்டிகளிடம் கேட்கிறது.

அகராதியைப் பிரித்து ‘சுங்கக் குறிப்பேடு’ என்று போடுகிறவர்களும் உண்டு. பிழையில்லை, பயனுமில்லை, பள்ளிக்கூடக் கணக்கு நோட்டுதான் நினைவுக்கு வருகிறது. ஆங்கிலப் பயணப் பக்கங்கள் ஏதோ உவமைக்குச் சொன்னதை, நம் மொழிபெயர்ப்பாளர்கள் பெயராகவே ஆக்கிவிடுவதுதான் எனக்கு ஆத்திரம். பொருள் என்ன வேலை செய்கிறது என்று ஒரு நிமிடம் கேட்க யாருக்கும் பொறுமையில்லை. சுங்கம் என்ற பொருளில் வந்த ‘கஸ்டம்ஸை’ ‘பழக்கவழக்கங்கள்’ என்று பெயர்த்த படிவத்தையும் பார்த்திருக்கிறேன். அது இயந்திரம் செய்தது, மன்னிக்கலாம்.

என் சொல் ‘சுங்கப் பிணையேடு’. பிணை இருக்கிறது, கிழித்துக் கொடுக்கும் ஏடும் இருக்கிறது. சுங்கம் வடசொல்லாயிற்றே, குறள் சொன்ன உல்கு இருக்க அது எதற்கு என்று ஒரு நண்பர் மல்லுக்கு நின்றார். உல்கும், சுங்கம் வந்த அதே வடமொழிச் சுல்கத்தின் திரிபு என்பாருண்டு. முதலாம் குலோத்துங்கனையே சுங்கம் தவிர்த்த சோழன் என்றுதான் சொல்கிறோம். அவனுக்குப் பொருந்தியது பைக்குக்கும் பொருந்தும்.

எல்லைச் சுங்கக் கவுன்டரில் மட்டும் கார்னெட் என்றே கேளுங்கள். பிணையேடு என்றால் அங்கே வெறித்துப் பார்ப்பார்கள்.