பட்டையும் இல்லை, கிராம்பும் இல்லை: கிறிஸ்துமஸ் பீரின் மணம் எங்கிருந்து வருகிறது?

ஆஸ்திரியாவில் ஷ்லோஸ் எக்கன்பெர்க் என்றொரு பீர் ஆலை. அங்கே ஒரு பீரை வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் காய்ச்சுகிறார்கள், டிசம்பர் 6, புனித நிக்கோலஸ் திருநாள் அன்று. சாமிக்லவுஸ் என்று பெயர். காய்ச்சியதும் அந்தக் கிறிஸ்துமஸுக்கே விற்க மாட்டார்கள். ஏறக்குறைய பத்து மாதம் குளிரில் கிடக்கவிட்டு அடுத்த பண்டிகைக்குத்தான் வெளியே அனுப்புவார்கள். ஆல்கஹால் 14 சதவீதம், அதாவது சாதாரண லாகர் பீரைப் போல கிட்டத்தட்ட மூன்று மடங்கு. வாயில் வைத்தால் உலர்திராட்சை, அத்திப்பழம், கருகத் தொடங்கிய சர்க்கரை, கூடவே மசாலா மாதிரி ஏதோ ஒன்று. ஆனால் உள்ளே போனது தண்ணீர், பார்லி மால்ட், ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ, ஈஸ்ட், அவ்வளவுதான்.

கிறிஸ்துமஸ் பீர் என்றால் மசாலாப் பொருள் போட்ட பீர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியும் இருக்கின்றன, அவற்றுக்கு அப்புறம் வருகிறேன். ஆனால் இந்தப் பருவத்து நல்ல பீர்களில் நாம் பழம், மசாலா என்று உணர்கிற மணத்தில் பெரும்பகுதி வெப்பமும் ஈஸ்டும் செய்கிற வேலை.

முதலில் மால்ட். பார்லியை ஊறவைத்து, முளைகட்டவிட்டு, சூடான காற்றில் உலர்த்தினால் மால்ட். எந்தச் சூட்டில் உலர்த்துகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 80 முதல் 85 டிகிரி செல்சியஸில் முடித்தால் வெளிர் நிற மால்ட், வழக்கமான பொன்னிற பீருக்கு. இன்னும் 20 டிகிரி போல ஏற்றினால் ம்யூனிக் மால்ட், அதில் ரொட்டியின் மேல்தோல் மணம் வரும். அது வெறும் ஒப்புமை இல்லை, இரண்டிலும் நடப்பது ஒரே வேதிவினை: சர்க்கரையும் அமினோ அமிலமும் சூட்டில் சேர்ந்து நூற்றுக்கணக்கான மணப்பொருள்களாகவும் மெலனாய்டின் என்ற பழுப்பு நிறமிகளாகவும் மாறுகின்றன. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மயார் 1912-இல் விவரித்த வினை இது, அவர் பெயரிலேயே அழைக்கிறார்கள்.

குளிர்கால பீர்களில் முக்கியமான இன்னொரு வகை கேரமல் மால்ட். இதில் முளைத்த பார்லியை ஈரம் காயவிடாமல் 65, 70 டிகிரியில் வைப்பார்கள். தானியத்துக்குள்ளேயே மாவுச்சத்து சர்க்கரையாகிவிடும், அதற்குப் பிறகுதான் சூட்டை 120, 150 என்று ஏற்றுவார்கள். உமிக்குள் இருக்கும் சர்க்கரைப் பாகு அங்கேயே பழுப்பேறி இறுகிவிடும். டாஃபி, உலர்திராட்சை, பேரீச்சம்பழம் என்று நாக்கு சொல்வதெல்லாம் பெரும்பாலும் இந்த மால்ட்தான். இப்படி உண்டான பொருள்களில் ஒரு பகுதியை ஈஸ்டால் தின்ன முடியாது, அது பீரிலேயே தங்கிக் கனத்தைக் கொடுக்கிறது.

சரி, ஈஸ்டுக்கு வருவோம். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் பலமான பீர் என்பது ஈஸ்டின் பொறுமையைச் சோதிக்கிற காரியம். மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து எடுக்கும் சாற்றைத்தான் ஈஸ்ட் நொதிக்கிறது. சாதாரண பீருக்கான சாறு தண்ணீரைவிட ஏறக்குறைய 5 சதவீதம் அடர்த்தி கூடியது. 10 சதவீத ஆல்கஹால் பீர் வேண்டுமென்றால் அந்த அளவு 9, 10 சதவீதம் வரை போக வேண்டும். அவ்வளவு சர்க்கரைக்குள் ஈஸ்டைப் போட்டால் சவ்வூடு பரவலில் அதன் செல்லிலிருந்து தண்ணீர் வெளியே இழுக்கப்படுகிறது. அதைத் தாக்குப்பிடித்து நொதிக்கத் தொடங்கினால் அடுத்த தொல்லை, தான் உண்டாக்கிய ஆல்கஹாலே அதன் செல் சவ்வைக் குலைக்கிறது. சவ்வு உறுதியாக இருக்க ஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருள் வேண்டும், ஸ்டெரால் செய்ய ஆக்சிஜன் வேண்டும். அதனால்தான் பலமான பீர் செய்கிறவர்கள் முதல் நாளில் சாற்றுக்குள் ஆக்சிஜனைச் செலுத்தி, ஈஸ்டையும் வழக்கத்தைவிட அதிகமாகப் போடுகிறார்கள். நொதித்தல் தொடங்கிய பிறகோ ஆக்சிஜன் கிட்டே வரக்கூடாது. சாமிக்லவுஸே ஈஸ்ட் ஆராய்ச்சியில் பிறந்த பீர்தான். சூரிச்சில் ஹூர்லிமான் என்ற ஆலை ஈஸ்டுக்குப் பேர் போனது, அவர்கள்தான் 1979-இல் இதை முதலில் காய்ச்சினார்கள். அந்த ஆலை மூடப்பட்ட பிறகு ஆஸ்திரியாவுக்கு வந்தது.

பெல்ஜியத்து ஈஸ்டுகள் வேறு ரகம். அங்கே 12 சதவீத ஆல்கஹாலோடு ஸ்டில்லே நாக்ட் மாதிரி கிறிஸ்துமஸ் பீர்கள் வருகின்றன. பெல்ஜிய ஈஸ்டுகள் சற்றுக் கூடுதல் வெப்பத்தில் வேலை செய்யும்போது பழ மணம் தரும் எஸ்டர் என்ற பொருள்களை நிறைய வெளியிடும், அதில் ஒன்றான ஐசோஅமைல் அசிடேட்தான் வாழைப்பழத்தின் மணம். பல ஈஸ்ட் வகைகள் இன்னொன்றும் செய்கின்றன: பார்லி உமியிலிருந்து வரும் ஃபெருலிக் அமிலத்தை 4-வினைல் குவாயக்கால் என்ற பொருளாக மாற்றுகின்றன. கிராம்பின் மணத்துக்குக் காரணமான யூஜெனாலும் குவாயக்காலில் இருந்து கிளைத்ததுதான், இரண்டும் வேதியியலில் நெருங்கிய உறவு. அதனால் பீரில் ஒரு கிராம்புகூடப் போடாமல் கிராம்பு மணக்கிறது. பெல்ஜியர்கள் சர்க்கரையும் சேர்ப்பார்கள். அதை ஈஸ்ட் முழுதாகத் தின்றுவிடும், ஆல்கஹால் ஏறும், பீர் வாயில் கனக்காது. 10 சதவீத பீர் ஒன்று திகட்டாமல் இறங்குகிற ரகசியம் அதுதான்.

மசாலா போடுகிற பீர்களும் சும்மா இல்லை. சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலை 1975 முதல் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் செய்முறையை மாற்றி, பாட்டில் லேபிளில் வேறொரு மரத்தின் படத்தையும் போட்டு வெளியிட்டது. கிராஃப்ட் பீர் எனப்படும் அமெரிக்கச் சிற்றாலை பீர் உலகத்தில் இந்தப் பழக்கம் பரவ அது பெரிய காரணம். க்ளீவ்லேண்டின் க்ரேட் லேக்ஸ் ஆலை பட்டை, இஞ்சி, தேன் மூன்றையும் சேர்க்கிறது. எப்போது சேர்ப்பது என்பதில்தான் கைவண்ணம் தெரியும். நொதிக்கும் முன் சாற்றைக் கொதிக்க வைப்பார்கள். அந்தக் கொதியின் தொடக்கத்தில் போட்டால் மணமெல்லாம் நீராவியோடு போய்விடும், அதனால் கடைசி சில நிமிடங்களில் போடுவார்கள். அப்புறமும் நொதிக்கும்போது கிளம்பும் கார்பன் டை ஆக்சைடு கொஞ்சத்தை அடித்துக்கொண்டு போகும். இதற்குத்தான் சிலர் நொதித்தல் முடிந்தபின் சேர்க்கிறார்கள். பட்டையின் சின்னமால்டிஹைடு தண்ணீரைவிட ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். ஆனால் அந்த நிலையில் அளவு சற்றுக் கூடினால் மீட்க வழியே இல்லை, பீர் மருந்து மாதிரி ஆகிவிடும். என்ன போட்டிருக்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் யோசிக்க வைக்கிற பீர்தான் என் கணக்கில் நன்றாக மசாலா போட்ட பீர்.

இதற்கெல்லாம் நேர்மாறாக ஒன்று, கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா 1981-இல் தொடங்கிய செலிப்ரேஷன் ஏல். மசாலா கிடையாது, கசப்பும் பைன் மர வாசனையும்தான். வட அரைக்கோளத்தில் ஹாப்ஸ் அறுவடை ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி செப்டம்பரில் நடக்கும். அந்த அறுவடையில் முதலில் காய்ந்து வருவதை வைத்து உடனே காய்ச்சினால் பீர் தயாராகும்போது பண்டிகைக் காலம் வந்துவிடுகிறது.

குடிக்கும் முறையில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே ஊற்றாதீர்கள். 4 டிகிரியில் மணமூலக்கூறுகள் ஆவியாவது மிகவும் குறைவு, பத்து மாதம் காத்திருந்து செய்த வேலை மூக்கை எட்டாது. 10 முதல் 13 டிகிரி, வாய் குறுகிய கண்ணாடிக் கோப்பை, பாதி அளவுக்கு ஊற்றினால் போதும். குடிக்கக் குடிக்கச் சூடேறி மணம் மாறிக்கொண்டே வருவதைக் கவனிக்கலாம்.

தொண்டையில் இறங்கும் அந்த இளஞ்சூடும் வேதியியல்தான். மிளகாயின் காரத்தையும் சூட்டையும் உணர்கிற டிஆர்பிவி1 என்ற ஏற்பி வழக்கமாக 42 டிகிரி அளவில்தான் விழித்துக்கொள்ளும். ஆல்கஹால் அந்த வரம்பை 34 டிகிரி வரை இறக்கிவிடுகிறது. நம் உடல் வெப்பமே 37, ஆகவே நம் சொந்தச் சூடே சுடுகிற மாதிரி தெரிகிறது. தோலின் ரத்தக் குழாய்களும் விரிவதால் உடம்பு கதகதப்பாக இருப்பதாகத் தோன்றும், உண்மையில் உள்ளிருக்கும் வெப்பம் வெளியே போய்க்கொண்டிருக்கும். பனியில் இதை நம்பி நிற்பது ஆபத்து. அதோடு 330 மில்லி பாட்டில் 10 சதவீதத்தில் 26 கிராம் ஆல்கஹால், இரண்டு சாதாரண பீருக்குச் சமம்; சாமிக்லவுஸ் என்றால் 36 கிராம். ஒரு பாட்டிலை இரண்டு பேர் பகிர்ந்துகொள்வதே சரியான அளவு.

மிச்சத்தை எடுத்து வைக்கலாமா என்றால், பீரைப் பொறுத்தது. 10 சதவீதத்துக்கு மேல் உள்ள அடர் நிற பீர்களை வெளிச்சம் படாத, 12 டிகிரி போன்ற குளிர்ந்த இடத்தில் நிமிர்த்தி வைத்தால் வருஷக்கணக்கில் மாறும்: ஹாப்ஸின் கசப்பு மெல்லச் சிதையும், உள்ளே சிக்கிய சிறிதளவு ஆக்சிஜன் ஷெர்ரி ஒயின் போன்ற மணத்தைக் கொண்டுவரும். அதே ஆக்சிஜன் வெளிர் நிற பீரில் ஈர அட்டை வாசனையைத்தான் கொடுக்கும். ஹாப்ஸ் மணத்தை நம்பிய பீர்களையும், பட்டை, இஞ்சி போட்டு 7 சதவீதத்துக்குள் இருப்பவற்றையும் வாங்கிய பருவத்திலேயே குடித்துவிடுங்கள்.