கத்தியோடு பவளத்தைக் காக்க வருகிறவர்களுக்கு

அந்தமானில் ஸ்கூபா பயிற்றுநராக இருக்கிறேன். இந்தப் பருவத்தில் நான் வெந்நீரில் அமிழ்த்திய மூன்றாவது கை இது. புறங்கை வீங்கி, குத்திய இடம் நீலம் பாரித்து, உள்ளே ஒடிந்த முள்முனை. குத்தியது உடலெங்கும் முள்ளுள்ள முட்கிரீட நட்சத்திரமீன். “பவளத்தைத் தின்கிறதே, அதனால்தான் வெட்டினேன்” என்கிறார் கைக்குச் சொந்தக்காரர்.

அது பவளத்தைத் தின்பது உண்மைதான். வயிற்றை வாய்வழியே வெளியே தள்ளிப் பவளத்தின்மேல் விரிக்கும். உயிர்த்தசையைக் கரைத்து உறிஞ்சும். தட்டு அகலத்துக்கு வெள்ளைக் கூடு மிஞ்சும். (அதைப் ‘பவள வெளிறல்’, அதாவது கடல் சூடேறிப் பவளம் நிறமிழப்பது, என்று படம் பிடிக்கிறவர்கள் பக்கத்துக் கிளைக்கு அடியில் எட்டிப் பாருங்கள். தின்றவர் பெரும்பாலும் அங்கேதான் பதுங்கியிருப்பார்.)

ஆனால் இது வந்தேறி அல்ல. இந்தக் கடலுக்கே உரியது. எண்ணிக்கை குறைவாக இருக்கும்வரை, வேகமாக வளரும் மான்கொம்புப் பவளத்தைத் தின்று, மெதுவாக வளர்பவற்றுக்கு இடம் விடுகிறது. பெருகினால்தான் ஆபத்து. ஒரு பெண் நட்சத்திரமீன் ஒரு பருவத்தில் கோடிக்கணக்கில் முட்டையிடும். இதை வேட்டையாடும் ட்ரைட்டன் பெருஞ்சங்கை அலமாரி அழகுக்காக அள்ளியதும் நாம்தான்.

வெட்டினால் சாகாது. இன்னொரு முறையும் சொல்கிறேன், சாகாது. இதற்குத் தலை இல்லை, மூளை இல்லை. பதினைந்து இருபது கைகள். ஒவ்வொரு கைக்குள்ளும் செரிமானச் சுரப்பி, இனப்பெருக்க உறுப்பு. கையை வெட்டினால் முளைக்கும். நடுவட்டோடு இரண்டாகப் பிளந்தால்கூடப் பாதி உடல் பிழைத்துக்கொள்ளலாம். நீங்கள் வெற்றிக் களிப்பில் மேலேறி வரும்போது அது பாறை இடுக்குக்குள் நகர்ந்திருக்கும். ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் பயிற்சி பெற்ற முக்குளிப்பவர்கள் இதைக் கொல்ல மாட்டுப் பித்த உப்புக் கரைசலை ஊசியால் ஏற்றுகிறார்கள். 10 மில்லி, ஒரே குத்து. வெட்டுவதில்லை.

முட்கள் 4-5 செ.மீ. நீளம், நஞ்சுள்ளவை, கையுறையைத் துளைப்பவை. குத்திவிட்டால் வினிகரும் வேண்டாம், சிறுநீர் வைத்தியமும் வேண்டாம். தாங்கக்கூடிய வெந்நீரில், சுமார் 45 டிகிரி, அரைமணி முதல் ஒன்றரை மணி நேரம் முக்குங்கள். சூட்டைக் குத்துப்படாத கையால் பாருங்கள். குத்துப்பட்ட கைக்குச் சூடு தெரியாமல் வெந்துபோகும். ஒடிந்த முள்ளை நோண்டாதீர்கள், மருத்துவர் எடுக்கட்டும். வாந்தி நிற்காவிட்டாலோ மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவமனை. ஏற்கெனவே ஒருமுறை குத்துப்பட்டவருக்கு இரண்டாம் முறை ஒவ்வாமை கடுமையாகலாம்.

கண்டால் ஆழத்தையும் இடத்தையும் குறித்துக்கொண்டு வந்து சொல்லுங்கள், போதும். காலில் கட்டியிருக்கும் கத்தி, தூண்டில் நரம்பில் சிக்கினால் அறுத்துக்கொள்வதற்கு.