புராஸ்டேட் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு: 70 வயதுக்காரரிடம் வருமானச் சான்றிதழ் எதற்கு?

தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதி ஓய்வுபெற்றவர், வயது 73. புராஸ்டேட் சுரப்பியில் புற்று, கரண்ட் வைக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். காப்பீட்டு கவுண்ட்டரில் வருமானச் சான்றிதழ் கேட்டார்கள். அதற்காகத் தாலுகா அலுவலகத்துக்கு மூன்று முறை அலைந்தார். அவரிடம் கேட்டிருக்கவே கூடாத காகிதம் அது.

70 வயது நிறைந்த எவருக்கும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. 2024 அக்டோபர் முதல் இதற்கென ‘வய வந்தனா’ என்ற தனி அட்டை தருகிறார்கள். பதிவுக்கு ஆதார் போதும். கணவன், மனைவி இருவரும் 70ஐத் தாண்டியிருந்தால் 5 லட்சம் இருவருக்கும் சேர்த்துத்தான்.

சிக்கலும் அந்த ஆதாரில்தான். அந்தக் காலத்தில் யாரோ குத்துமதிப்பாகச் சொன்ன பிறந்த தேதி அதில் இருக்கும். உண்மையில் 72 ஆனவர் அட்டையில் 68 என்றால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். முதலில் அதைத் திருத்துங்கள். கைரேகை தேய்ந்து பதிவாகவில்லை என்று திருப்பி அனுப்பினால், ஓடிபி அல்லது முகப் பதிவு மூலம் செய்யச் சொல்லுங்கள். பதிவு செய்யும் ஆயுஷ்மான் செயலியில் அந்த வசதி இருக்கிறது. ஊழியர்தான் பல நேரம் சொல்வதில்லை.

தனியார் காப்பீடோ ஈஎஸ்ஐயோ இருப்பதைக் காட்டி மறுக்க முடியாது. மத்திய அரசு ஊழியர் சுகாதாரத் திட்டம், முன்னாள் ராணுவத்தினர் திட்டம் போன்ற அரசுத் திட்டங்களில் இருப்பவர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவசரப்பட்டு மாற வேண்டாம்.

அட்டை கையில் இருப்பது வேறு, மருத்துவமனை அதை ஏற்பது வேறு. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளின் பட்டியலில் பெயர் இருக்கும், ஆனால் கதிர்வீச்சுப் பிரிவுக்கு அங்கீகாரம் இருக்காது. “நீங்கள் பட்டியலில் இருக்கிறீர்களா?” என்று கேட்காதீர்கள். “இந்த அட்டையில் கதிர்வீச்சு கொடுப்பீர்களா?” என்று கேளுங்கள். திட்டத்திலிருந்து முன் அனுமதி வரும்வரை பணம் கட்டித் தொடங்காதீர்கள். இது பணமில்லாச் சிகிச்சைத் திட்டம், கட்டிய பணத்தைப் பின்னால் கேட்டு வாங்கும் வழியை நம்ப முடியாது. பிஎஸ்ஏ எனும் புராஸ்டேட் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் போன்றவற்றை வெளிநோயாளியாக முன்கூட்டியே எடுத்திருந்தால் அந்தச் செலவு உங்களுடையது. மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய 3 நாள் செலவு மட்டுமே திட்டத்துக்குள் வரும்.

தினமும் வந்துபோகும் பஸ் கட்டணம், தங்கும் அறை எதுவும் கிடைக்காது. அதனால் எத்தனை முறை கதிர் வைக்கப்போகிறார்கள் என்பது உங்கள் பணப்பை சம்பந்தப்பட்ட கேள்வியும்கூட. முன்பெல்லாம் 37, 38 முறை, ஏறக்குறைய எட்டு வாரம். 2016இல் வெளிவந்த பெரிய பிரிட்டன் ஆய்வு ஒன்று, சுரப்பிக்குள் அடங்கிய புற்றுக்கு 20 முறையே அதற்கு ஈடாகும் என்று காட்டியது. 2024இல் வந்த இன்னோர் ஆய்வு, அபாயம் குறைந்த, நடுத்தரமான நோயாளிகளுக்கு 5 முறையே போதும் என்றது. எல்லாருக்கும் இது பொருந்தாது, கருவியும் வேண்டும். ஆனாலும் “எனக்கு 20 முறை போதாதா, ஏன்?” என்று மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை. அனுமதி கேட்டுக் கடிதம் போவதற்கு முன்பே கேளுங்கள். பாதியில் சிகிச்சை முறையை மாற்றினால் மறுபடி அனுமதி, மறுபடி காத்திருப்பு.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தர மாட்டார்கள். அங்கேயே நின்றுகொண்டு 14555 என்ற திட்ட உதவி எண்ணுக்கு அழைத்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.