காப்பி இலை கழற்றிவிடும் சர்க்கரை

ஏற்காட்டுக்கு அருகிலுள்ள நாகலூரிலிருந்து பிளஸ் டூ மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஆர்என்ஏவில் இருக்கும் சர்க்கரை ரைபோஸ் என்று பரீட்சைக்குப் படித்தேன். சங்கிலியைக் கோத்து வைப்பதைத் தவிர அது வேறு ஏதாவது செய்கிறதா?”

செய்கிறது. அதற்கு நல்ல சான்று அவர் ஊர்க் காப்பித் தோட்டங்களிலேயே இருக்கிறது.

பாடத்தில் உள்ளதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ரைபோஸ் ஐந்து கார்பன் கொண்ட சர்க்கரை. நியூக்ளிக் அமிலத்தில் (ஆர்என்ஏ, டிஎன்ஏ இரண்டும் இந்த வகைதான்) அது இருப்பதை 1909இல் ஃபீபஸ் லெவீன் கண்டறிந்தார். ஓர் ஆக்சிஜன் குறைந்தால் அதுவே டிஎன்ஏவின் டிஆக்சிரைபோஸ். சோற்றிலும் ஜவ்வரிசியிலும் கிடைக்கும் குளுக்கோஸிலிருந்து உடம்பே ரைபோஸைத் தயாரித்துக்கொள்கிறது. ஆரோக்கியமாக இருப்பவர்கள் டப்பாவில் விற்கும் ரைபோஸ் தூளுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

சரி, காப்பிக்கு வருவோம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் சேர்வராயன் மலைக்கு வந்த செடி இது. இன்று சில்வர் ஓக் மர நிழலில், மிளகுக் கொடிகளுக்கு நடுவே வளர்கிறது. பூச்சிகளிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள அதன் இளம் இலைகள் காஃபீன் தயாரிக்கின்றன. அதற்கு இலை எடுத்துக்கொள்ளும் கச்சாப்பொருள் சாந்தோசின். மரபணு எழுத்துகளான அடினின், குவானின் ஆகியவற்றுக்கு நெருங்கிய உறவான ஒரு காரம் (நாக்கில் உறைக்கும் காரமல்ல, வேதியியலில் ‘பேஸ்’), அதோடு ஒட்டிய ஒரு ரைபோஸ், இவ்வளவுதான் சாந்தோசின். ஒரு நொதி அதில் முதல் மெத்தில் குழுவை, அதாவது ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் கொண்ட சிறு துண்டை, ஒட்டுகிறது. உடனே ரைபோஸ் கழற்றிவிடப்படுகிறது. அப்புறம் இரண்டாவது மெத்தில் சேர்ந்தால் தியோபுரோமின், மூன்றாவதும் சேர்ந்தால் காஃபீன். அந்த மெத்தில் குழுக்களைச் சுமந்து வரும் மூலக்கூறிலும் ஒரு ரைபோஸ் இருக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

ஆக, காஃபீன் என்பது ரைபோஸை இழந்துவிட்ட மூலக்கூறு. அந்த இழப்புதான் நம்மை விழிக்க வைக்கிறது.

பகல் முழுக்க மூளைச் செல்கள் ஆற்றலுக்காக, செல்லின் எரிபொருள் மூலக்கூறான ஏடிபியை உடைக்கின்றன. அதிலிருந்து அடினோசின் சேர்ந்துகொண்டே போகும். அடினினும் ரைபோஸும் சேர்ந்ததுதான் அடினோசின். அது தனக்குரிய ஏற்பியில் (செல்லின் மேற்பரப்பில் செய்தி வாங்கும் புரதம்) போய் அமரும்போது, காரப் பகுதி குழிக்குள் பொருந்துகிறது. ரைபோஸின் ஹைட்ராக்சில் குழுக்கள் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த நுனிகள்) இன்னும் உள்ளே எட்டி, அங்கிருக்கும் செரின், ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலங்களைப் பற்றிக்கொள்கின்றன. அந்தப் பிடியில் ஏற்பியின் வடிவம் லேசாக மாறுகிறது. ‘களைப்பு’ என்ற செய்தி செல்லுக்குள் போகிறது. 2011இல் இந்த ஏற்பியின் படிக அமைப்பு வெளியானபோது அந்தப் பிடி கண்ணுக்கே தெரிந்தது. காஃபீனும் அதே குழிக்குள் நுழைகிறது. ஆனால் பற்றுவதற்கு அதனிடம் ரைபோஸ் இல்லை; ஏற்பி அசைவதில்லை. சேலம் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அந்தத் துண்டின் வேலையைத்தான் காஃபீன் செய்கிறது. தானும் பயணம் செய்யாது, அடினோசினையும் உட்கார விடாது.

ஏற்காட்டில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. இந்த இலை வேதியியலை உள்ளூர் மாணவர்கள் உள்ளூர்ச் செடியிலேயே படிக்க தாராளமாக நிதி ஒதுக்க வேண்டும். மகசூல் கூடுமா என்று மட்டும் கேட்டுப் பணம் கொடுத்தால் அடிப்படை அறிவியல் வளராது.

பரீட்சைக்குக் கண் விழிப்பவர்களுக்கு ஒரு விஷயம். உடம்பிலுள்ள காஃபீன் பாதியாகக் குறைய பெரியவர்களுக்குச் சராசரியாக 5 மணி நேரம் ஆகும். அதுவரை அடினோசின் சேர்வது நிற்பதில்லை. காஃபீன் விலக விலக, காத்திருந்த அடினோசின் அந்த இடங்களைப் பிடித்துக்கொள்கிறது. காப்பியின் வேகம் இறங்கியதும் தூக்கம் அப்படி அழுத்துவது இதனால்தான்.