பரிசலுக்கு ஏது முன்பக்கம்?

ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டிய என் மாமாவிடம் சின்ன வயதில் ஒருமுறை கேட்டேன்: "இதுக்கு முன்பக்கம் எது மாமா?" அவர் பதில் சொல்லாமல் துடுப்பை ஓரமாகப் போட்டு இரண்டு இழுப்பு இழுத்தார். பரிசல் பம்பரமாகச் சுற்றியது. பாறைச் சுவர், அருவி, கரையில் மீன் பொரிக்கிற புகை எல்லாம் வட்டமாக ஓடின. சுற்றி முடித்துவிட்டு, "நான் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கனோ, அதான் கண்ணு முன்பக்கம்" என்றார்.

பல வருஷம் கழித்து மோட்டார் படகு, பாய்மர யாட் என்று படிக்க ஆரம்பித்த பிறகுதான் அது எவ்வளவு சரியான பதில் என்று புரிந்தது. படகின் குணம் அதன் அடிப்பாகத்தில் இருக்கிறது. தண்ணீருக்குக் கீழே எது, எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்று பார்த்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

முதலில் பரிசலையே எடுத்துக்கொள்வோம். மூங்கில் பிளாச்சுகளைக் கூடை மாதிரிப் பின்னி, வெளியே பிளாஸ்டிக் தாள் ஒட்டித் தார் பூசியிருப்பார்கள். ஒரு காலத்தில் பிளாஸ்டிக் தாளுக்குப் பதில் தோல். அடிப்பாகம் 2 மீட்டர் அகலமுள்ள வட்டம் என்று வைத்துக்கொண்டால் அதன் பரப்பு 3.14 சதுர மீட்டர். அது 1 சென்டிமீட்டர் கீழே இறங்கினால் சுமார் 31 லிட்டர் தண்ணீரை விலக்கும். அதாவது 31 கிலோ எடையைத் தாங்கும். 62 கிலோ உள்ள ஒருவர் ஏறினால் 2 சென்டிமீட்டர் இறங்கும், அவ்வளவுதான். ஐந்து பேர் ஏறினாலும் கூடுதலாக 10 சென்டிமீட்டருக்கு மேல் போகாது. பாறைக்கு மேலே முழங்கால் அளவுத் தண்ணீர் ஓடுகிற காவிரிக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை என்பேன்.

ஆனால் வட்டத்துக்கு ஒரு விலை உண்டு. நீளமான படகு சுற்ற வேண்டுமானால் அதன் முன்னும் பின்னும் தண்ணீரைப் பக்கவாட்டில் தள்ளியாக வேண்டும். அந்தத் தண்ணீர்தான் படகைச் சுற்றவிடாமல் தடுக்கிறது. வட்டப் பரிசல் சுற்றும்போது எந்தத் தண்ணீரையும் தள்ளுவதில்லை. நழுவிக்கொண்டே போகிறது, உராய்வு மட்டும்தான் மிச்சம். 1520 வாக்கில் விஜயநகரத்துக்கு வந்த ஒரு போர்ச்சுகீசியப் பயணி இதே மாதிரி தோல் போர்த்திய கூடைப் படகுகளைப் பார்த்துவிட்டு, இவை நேராகப் போகாமல் சுற்றிக்கொண்டே இருக்கின்றன என்று எழுதி வைத்திருக்கிறார். அப்படியென்றால் பரிசல்காரர் எப்படி நேராக ஓட்டுகிறார்? போக வேண்டிய திசையைப் பார்த்து விளிம்பில் உட்கார்ந்து, துடுப்பை எட்டிப் போட்டு, தண்ணீரைத் தன்னை நோக்கி இழுக்கிறார். இழுவை பரிசலின் மையத்தின் வழியாகப் போவதால் அது சுற்றாமல் முன்னே வருகிறது. இழுப்பு கொஞ்சம் ஓரம் விலகினால் சுற்று ஆரம்பமாகிவிடும். மாமா உட்கார்ந்த இடம்தான் முன்பக்கம் என்றது இதனால்தான்.

சரி, இனி பாய்மரப் படகுக்கு வருவோம். காற்று அடிக்கிற திசையில் போவது பெரிய வித்தை இல்லை. பரிசலில் குடையை விரித்துப் பிடித்தாலும் போகும். காற்று வரும் திசையை நோக்கியே பாய்மரப் படகு முன்னேறுகிறதே, அதுதான் என்னை வெகு நாள் தூங்கவிடாமல் செய்த விஷயம். கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆள் என்பதால் எனக்கு அது மாங்கொட்டையில்தான் பிடிபட்டது. நன்றாகச் சப்பிய மாங்கொட்டையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்திப் பாருங்கள். இரண்டு விரலும் பக்கவாட்டில்தான் அழுத்துகின்றன. கொட்டையோ முன்னால் பாய்கிறது.

பாய்மரப் படகில் ஒரு விரல் பாய், இன்னொரு விரல் கீல். கீல் என்பது படகின் அடியில் துருத்திக்கொண்டிருக்கும் தகடு, மீனின் கீழ்த்துடுப்பைப் போல. காற்று சாய்வாக வந்து வளைந்த பாயின் இரு பக்கமும் ஓடும்போது பாயைப் பெரும்பாலும் பக்கவாட்டிலும், கொஞ்சம் முன்னாலும் இழுக்கிறது. படகு பக்கவாட்டில் நகரப் பார்க்கும்போது கீல் தண்ணீரில் குறுக்கே நின்று மறிக்கிறது. பக்க விசை அங்கே அடிபட்டுப்போக, முன்விசை மட்டும் மிஞ்சுகிறது. கொஞ்சம் பக்கவாட்டில் நழுவத்தான் செய்யும். அந்தச் சில டிகிரி நழுவல் இருந்தால்தான் கீலே வேலை செய்யும், விமான இறக்கை சற்று நிமிர்ந்திருந்தால்தான் தூக்குவது மாதிரி.

அப்படியும் காற்றுக்கு நேர் எதிரே போக முடியாது. சாதாரணப் படகு காற்றுத் திசையிலிருந்து ஏறக்குறைய 45 டிகிரி விலகித்தான் போகும். கொஞ்ச தூரம் இடப்பக்கம் சாய்ந்து, அப்புறம் திருப்பி வலப்பக்கம் சாய்ந்து போக வேண்டும். செங்குத்தான மேட்டில் சைக்கிளை வளைத்து வளைத்து மிதித்து ஏறுகிறோமே, அதே கணக்கு.

பாய் இழுக்கிற இழுப்பில் படகு கவிழாதா? பெரிய யாட்டில் கீலின் அடியில் ஈயமோ இரும்போ ஏற்றியிருப்பார்கள். படகின் மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்குகூட அங்கேயே இருக்கும். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையைப் படுக்க வைத்தாலும் எழுந்துகொள்கிற அதே காரணத்தால் இதுவும் எழுந்துகொள்ளும். சின்னப் படகில் அந்த ஈயத்தின் வேலையை ஓட்டுபவரின் உடம்பு செய்கிறது. வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணன் 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்றது அப்படிப்பட்ட ஒற்றை ஆள் படகில்தான். நீளம் 4.2 மீட்டர், ஒரே ஒரு பாய். கால்களைப் படகின் உள்ளே இருக்கும் பட்டையில் மாட்டிக்கொண்டு, உடம்பு முழுவதையும் தண்ணீருக்கு மேலே வெளியே சாய்த்துப் பிடித்திருப்பார்கள். கடல் இல்லாத நம் பக்கத்து ஊரில் பிறந்தவர் அதைச் செய்தார் என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம்.

வேகத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தண்ணீரை விலக்கிக்கொண்டு போகிற படகு தானே ஓர் அலையை உண்டாக்குகிறது. வேகம் கூடக் கூட அந்த அலையின் நீளமும் கூடும். அலையின் நீளம் படகின் நீளத்துக்குச் சமமாகும்போது முன்புறம் ஒரு மேட்டிலும் பின்புறம் அடுத்த மேட்டிலும் இருக்கும். படகு நடுப் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும். அதற்கு மேல் வேகம் வேண்டுமென்றால் தான் எழுப்பிய மேட்டில் தானே ஏற வேண்டும். நீர்மட்டத்தில் படகின் நீளத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.5-ஆல் பெருக்கினால் அந்த எல்லை மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கிடைக்கும். 4 மீட்டர் படகுக்கு 9, 9 மீட்டருக்கு 13.5, 16 மீட்டருக்கு 18. நீளமான படகு வேகமானது என்று கடற்கரைக்காரர்கள் சொல்வது இதைத்தான். வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலேயர் 1872-இல் இங்கிலாந்தின் டார்கீ ஊரில் ஒரு நீளத் தொட்டி கட்டி, மெழுகில் செய்த மாதிரிப் படகுகளை இழுத்துப் பார்த்து இந்தக் கணக்குகளுக்கு அடித்தளம் போட்டார்.

வேகப் படகு இந்த எல்லையைத் தாண்டுவது வேறு வழியில். அதன் அடி தட்டையாகவோ லேசான V வடிவிலோ இருக்கும், பின்புறம் கத்தியால் வெட்டியது போல முடியும். போதுமான சக்தி கொடுத்தால் தண்ணீரே அதை மேலே தூக்கிவிடும். குளத்தில் சில்லு விட்டால் தத்தித் தத்திப் போகுமே, அப்படிப் படகு தண்ணீரின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். எழும்புகிற அந்தக் கட்டத்தில்தான் என்ஜின் அதிகம் திணறும், பெட்ரோலும் அப்போதுதான் கொட்டும். எடை கூடினால் எழும்பவே எழும்பாது. நான்கு பேருக்கு வாங்கிய படகில் எட்டுப் பேரை ஏற்றி, "என்ஜின் சரியில்லை" என்று திட்டுபவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

எங்கள் ஆற்றில் அந்தப் படகை விட்டால் முதல் பாறையிலேயே புரொப்பல்லர் அடிபடும். சின்ன என்ஜின்கள் சிலவற்றில் இதற்காகவே ஒரு மெல்லிய உலோக ஊசி (பின்) வைத்திருப்பார்கள். பாறையில் மோதினால் அது உடைந்துகொண்டு கியரைக் காப்பாற்றும்.

கிருஷ்ணகிரியிலோ தர்மபுரியிலோ இருந்துகொண்டு படகு வாங்க ஆசைப்படுபவருக்கு என் யோசனை: நிலையான ஆழக் கீல் உள்ளதை விட்டுவிடுங்கள். மேலே தூக்கிக்கொள்ளும் பலகை உள்ள சின்னப் பாய்மரப் படகுதான் டிரெய்லரில் ஏறும், 250, 300 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற சென்னைக்கும் வரும். பழைய ஃபைபர் மோட்டார் படகு என்றால், என்ஜின் மாட்டியிருக்கும் பின்பலகையை ஒரு நாணயத்தால் தட்டிப் பாருங்கள், சந்தையில் பானையைத் தட்டுகிற மாதிரி. 'டக்' என்று கணீரென இருந்தால் நல்லது. 'தொப்' என்று மந்தமாகக் கேட்டால் உள்ளே இருக்கும் பிளைவுட் தண்ணீர் ஏறி உளுத்திருக்க வாய்ப்பு உண்டு. என்ஜின் ஓடும்போது பின்னால் ஒரு மெல்லிய தண்ணீர்க் கீற்று பீய்ச்ச வேண்டும். என்ஜினைக் குளிர்விக்கிற தண்ணீர் ஓடுகிறது என்பதற்கு அது அடையாளம். கடலில் ஓட்டினால் கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீர் விட்டு என்ஜினை அலச வேண்டும். எவ்வளவு களைப்பாக இருந்தாலும் இதை மறுநாளைக்குத் தள்ளாதீர்கள்.

வாங்குவதற்கு முன்னால் வீட்டில் செய்து பார்க்க ஒன்று இருக்கிறது. குண்டாவில் தண்ணீர் நிரப்பி, ஒரு சின்ன அலுமினியத் தட்டை மிதக்க விட்டு, ஓரத்தில் ஒரு விரலால் தள்ளுங்கள். சுற்றும். அப்புறம் பழைய ஏடிஎம் கார்டு ஒன்றைத் தட்டின் அடியில் நட்டக்குத்தலாக ஒட்டி, ஈரமில்லாத பக்கம் இரண்டு நாணயம் வைத்து, அதே இடத்தில் அதே விரலால் தள்ளுங்கள். தட்டு முன்போல அவ்வளவு சுற்றாது, கார்டு நீண்டிருக்கும் திசையிலேயே போகப் பார்க்கும். இப்போது அதற்கு ஒரு முன்பக்கம் வந்திருக்கும்.