ஒரே வட்டில் பல விண்டோஸ் அடங்குவது எப்படி?

மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் சர்வீஸ் கடை வைத்திருப்பவரிடம் மேலூரிலிருந்து விண்டோஸ் எக்ஸ்பி ஹோம் கணினி ஒன்றும், உசிலம்பட்டியிலிருந்து எக்ஸ்பி புரொஃபஷனல் கணினி ஒன்றும் ஃபார்மேட் செய்ய வந்தால், இரண்டுக்கும் ஒரே சிடி போதும் என்று சொன்னால் நம்புவது கடினம். ஒரு பதிப்பே 700 எம்பி சிடியின் பெரும்பகுதியை நிரப்பிவிடுமே!

இரண்டு பதிப்புகளின் கோப்புகளிலும் பெரும்பாலானவை எழுத்துக்கு எழுத்து ஒன்றே என்பதுதான் இதன் சூட்சுமம். வட்டின் கோப்புப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அந்தக் கோப்பு எந்த செக்டாரில் (வட்டின் சிறு கட்டத்தில்) தொடங்குகிறது என்ற எண்ணும் அதன் அளவும் இருக்கும், கோப்பு இருக்காது; ஒவ்வொரு செக்டாரும் 2048 பைட். ஒரே சர்வே எண்ணை இரண்டு பட்டாக்களில் எழுதுவதுபோல, இரு ஃபோல்டர்களில் உள்ள இரு பெயர்களுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டால், கோப்பை ஒருமுறை பதித்தால் போதும். நிலமானால் வழக்கு வரும். சிடியில் யாரும் திருத்தி எழுத முடியாததால் வம்பில்லை.

பூட் ஆவதுதான், அதாவது கணினி அந்தச் சிடியிலிருந்து இயங்கத் தொடங்குவதுதான், உண்மையான சிக்கல். சிடியிலிருந்து பூட் செய்வதற்காக 1995-இல் வந்த எல் டொரிட்டோ விதிமுறைப்படி, கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை நிரலான பயாஸ் 17-ஆம் செக்டாரைப் படித்து, அது காட்டும் பூட் பட்டியலுக்குப் போகிறது. பல பயாஸ்கள் அந்தப் பட்டியலின் முதல் பதிவை மட்டுமே மதிப்பதால், அந்த இடத்தில் ஒரு மெனு நிரலை வைத்து, அதன் வழியாக ஒவ்வொரு பதிப்பின் பூட் செக்டாரையும் அழைக்க வேண்டும். எக்ஸ்பியின் பூட் கோப்புகளோ, நிறுவல் கோப்புகள் இருக்கும் ‘ஐ386’ என்ற ஃபோல்டரை மட்டுமே தேடும். ஆகவே இரு பதிப்புகளும் மோதாதபடி, பூட் கோப்புகளுக்குள் உள்ள அந்தப் பெயரை ஹெக்ஸ் எடிட்டரில் (பைட்டுகளை நேரடியாகத் திருத்தும் கருவியில்) மாற்றுகிறார்கள். புதுப் பெயரும் நான்கே எழுத்தாக இருக்க வேண்டும், இல்லையேல் பின்னால் உள்ள பைட்டுகள் இடம் பெயர்ந்து நிரல் குலைந்துவிடும். நிறுவலுக்கான குறிப்புகள் அடங்கிய TXTSETUP.SIF கோப்பில் உள்ள பாதையையும் அதற்கேற்பத் திருத்த வேண்டும்.

எக்ஸ்பிக்கு அடுத்த விஸ்டாவுடன் வந்த, விண்டோஸ் கோப்புகளை ஒரே பொதியாகக் கட்டும் விம் கோப்பு வடிவம் இந்தச் சிரமத்தையெல்லாம் குறைத்தது. அதில் கோப்புகள், அவற்றின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் ஷா-1 கைரேகையால் அடையாளம் காணப்படுவதால், பல பதிப்புகளைச் சேர்த்தாலும் பொதுவானவை தாமாகவே ஒருமுறைதான் சேமிக்கப்படும். லைசென்ஸ் மட்டும் ஒவ்வொரு பதிப்புக்கும் தனிதான். பென்டிரைவுக்கு மாறும்போது வேறொரு தடை உண்டு: பயாஸுக்குப் பதிலாக வந்த யூஇஎஃப்ஐ கொண்ட கணினிகள் பூட் செய்ய எதிர்பார்க்கும் ஃபேட்32 அமைப்பு 4 ஜிபியை எட்டும் கோப்பை ஏற்காது. எனவே பெரிதாகிவிட்ட விம் கோப்பை விண்டோஸின் டிஸ்ம் கருவியால் துண்டுகளாகப் பிரித்து வைக்கிறார்கள். அந்தத் துண்டுகளைச் சேர்த்துப் படிக்க விண்டோஸ் செட்டப்புக்கே தெரியும்.