இடிந்துபோன மாளிகைக்குள் கனவில் நுழைந்தால்

இங்கிலாந்தில் வில்லியம் பெக்ஃபோர்ட் என்ற பெரும் பணக்காரர் கட்டிய ஃபான்ட்ஹில் அபே என்றொரு மாளிகை இருந்தது. 80 மீட்டருக்கு மேல் உயர்ந்து நின்ற அதன் கோபுரம் 1825 டிசம்பரில் சரிந்து விழ, இன்று மிஞ்சியிருப்பது ஒரு சிறு பகுதிதான். மற்றதையெல்லாம் அந்தக் காலத்து அச்சுப்படங்களில்தான் பார்க்க முடியும். அந்தப் படங்களிலேயே ஊறிப்போன ஒருவர், ‘இது கனவு’ என்று தெரிந்தே காணும் லூசிட் ட்ரீமில் அதன் வாசலில் போய் நின்றால் உள்ளே என்ன இருக்கும்?

அவருடைய மூளை அந்த நொடியில் கட்டித் தருவது மட்டும்தான். ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி பழைய நினைவுகளுக்கான கிடங்கு மட்டுமல்ல, போகாத இடத்தையும் துண்டுகளைச் சேர்த்து உருவாக்குவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. 2007இல் லண்டன் ஆய்வாளர்கள், அந்தப் பகுதி பழுதடைந்தவர்களிடம் ஒரு புதுக் காட்சியைக் கற்பனை செய்யச் சொன்னபோது பெரும்பாலானோருக்குத் தனித்தனிப் பொருள்கள் வந்தனவே தவிர, அவை ஒரே இடமாகக் கூடி வரவில்லை. ஆக, படத்தில் பார்த்த மண்டபம் கனவில் ஓரளவு அப்படியே வரலாம். படத்தில் இல்லாத கதவைத் திறந்தால் எப்போதோ போன ஆஸ்பத்திரியின் நடைபாதை நீளும். சுவரில் ஏதாவது எழுதியிருந்தால் ஒருமுறை படித்துவிட்டு, முகத்தைத் திருப்பி மறுபடி பாருங்கள், பெரும்பாலும் எழுத்து மாறியிருக்கும்.

சரி, அப்படியானால் இது வெறும் கற்பனைதானே? இல்லை, எனக்குப் பிடித்த இடமே இதுதான். கனவுகள் செறிவாக வரும் ஆர்.இ.எம். உறக்கத்தில் உடல் தசைகள் கிட்டத்தட்ட முடங்கிவிடும், ஆனால் கண்கள் அசையும். இதை வைத்துத்தான் 1975இல் கீத் ஹேர்ன் என்ற ஆய்வாளர், தூங்கிக்கொண்டிருந்த ஆலன் வோர்ஸ்லி என்பவரிடமிருந்து, ‘கனவென்று தெரிந்தே கனவில் இருக்கிறேன்’ என்பதற்கு அடையாளமாக முன்கூட்டியே பேசிவைத்த இட-வலக் கண்ணசைவைப் பதிவு செய்தார். அப்புறம் 2018இல் கனவு ஆய்வாளர் ஸ்டீபன் லபெர்ஜ் குழுவினர், லூசிட் ட்ரீம் காண்பவர்களை நகரும் பொருள் ஒன்றைக் கனவில் கண்ணால் பின்தொடரச் சொல்லிப் பார்த்தார்கள். விழித்திருந்து கற்பனை செய்யும்போது கண் தாவித் தாவிப் போகிறது. கனவிலோ, நிஜத்தில் பார்ப்பதுபோல வழுக்கிக்கொண்டு போனது. அந்த மாளிகைக்கு நீங்கள் போகவில்லைதான், ஆனால் ‘பார்த்தேன்’ என்று சொல்வதில் பொய்யில்லை. அதற்காக, அங்கே கண்ட ரகசிய அறையை வரலாற்று ஆதாரம் என்று யாரிடமும் காட்டிவிடாதீர்கள்.

முயன்று பார்ப்பவர்களுக்கு விடியற்காலையே நல்ல நேரம், ஆர்.இ.எம். கட்டங்கள் அப்போதுதான் நீளமாக வரும். காட்சி மங்க ஆரம்பித்தால் கனவிலேயே உள்ளங்கைகளைத் தேய்க்கலாம், இல்லை பம்பரம்போலச் சுற்றலாம். சுற்றினால் கனவு நீளும், ஆனால் இடம் மாறிப்போவது சகஜம். மாளிகைக்குள்ளேயே இருக்க வேண்டுமென்றால் கையைத் தேய்ப்பதே மேல்.